குடவோலையும் கடவுச்சொல்லும்

நுழையும்முன்

பொருளைக் காக்கப் பூட்டைக் கண்ட மனிதர், பின்னாளில் சொல்லையே பூட்டாக்கினர். வீட்டுக் கதவுக்கு இருந்த காவல் இன்று வங்கிக் கணக்குக்கும் கணினிக்கும் திறன்பேசிக்கும் வேண்டியிருக்கிறது. பூட்டு வலிமையாக இருந்தும் பொருள் களவு போவது எவ்வாறு? ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சபையார் எதிர்கொண்ட சிக்கலும் இதற்கு நெருங்கியதே. அவர்கள் கண்ட விடையும் கணினி அறிவியல் கண்ட விடையும் இக்கட்டுரையில் அருகருகே வைக்கப்படுகின்றன.

களத்துமேட்டுக்கு வந்த கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், உத்திரமேரூரை நெருங்கும்போது வரும் ஊர் திருப்புலிவனம். புலிக்கால் முனிவரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் வியாக்கிரபுரீசுவரர் கோயிலும், அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகளும் இவ்வூரின் பழமைக்குச் சான்றாகும். ஏரிநீரை நம்பி நெல் விளையும் பகுதி இது.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடைபோட்டுக் கொடுக்கும் உழவருக்கு, அதற்குரிய தொகை கையில் தரப்படுவதில்லை. வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. ஊரக வேலைத் திட்டத்தின் கூலியும் அவ்வாறே சேர்கிறது. 2023 செப்டம்பர் முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்வோர்க்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத் தொகைகள் ஆகியனவும் கணக்கிலேயே வரவாகின்றன. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் ஒளித்து வைக்கப்பட்ட பணம், எண்ணாக மாறி எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது. அதைத் திறக்கும் திறவுகோல் ஒரு திறன்பேசியிலும் நான்கு அல்லது ஆறு இலக்கங்களிலும் அடங்கிவிட்டது. பெருநகரத்தாரின் கவலை என்று ஒருகாலத்தில் கருதப்பட்ட இணையப் பாதுகாப்பு, சிற்றூரின் களத்துமேடு வரை வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

கூட்டத்தின் நடுவே ஒரு குடம்

திருப்புலிவனத்தை அடுத்துள்ள உத்திரமேரூரின் வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் வெட்டப்பட்டது. மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டான கி.பி. 921இல் வெட்டப்பட்டது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இவை விளக்குகின்றன. மக்களாட்சியின் முன்னோடி என்று இம்முறை பலவாறு போற்றப்பட்டுள்ளது. அதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக நோக்கியோர் குறைவு. அவ்வாறு நோக்கினால் கல்வெட்டின் ஒவ்வொரு சொல்லும் புதுப்பொருள் பெறுகிறது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டன. ஒரு குடும்பின் ஓலைகள் ஒரு கட்டாகக் கட்டப்பட்டு, எந்தக் குடும்புக்குரியது என்பதைக் காட்டும் வாயோலை அதன்மேல் வைக்கப்பட்டது. கட்டுகள் குடத்தில் இடப்பட்டன. தேர்வு நாளில் இளையோரும் முதியோருமாகச் சபை முழுமையும் கூட வேண்டும். அன்று ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கி நிற்பார். ஓலையில் உள்ளது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அது பிரிக்கப்பட்டு வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்படும். அக்குடத்திலிருந்து அச்சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் எனப்படும் நடுவரிடம் கொடுப்பான். நடுவர் அதை ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்பு பெயரை உரக்கப் படிக்க வேண்டும். அதே ஓலையை மண்டபத்தில் உள்ள நம்பிமார் அனைவரும் படிக்க வேண்டும். அதன் பின்னரே பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? விரல்கள் மூடியிருந்தால் அவற்றின் இடையில் மற்றோர் ஓலை ஒளிந்திருக்கலாம். குலுக்குவதற்கு ஏன் வேறொரு குடம்? கட்டாக இருந்தபடியே எடுத்தால் மேலே வைத்தவன் வைத்ததே கைக்கு வரும். ஏன் சிறுவன்? எதை எடுத்தால் எவருக்கு ஆதாயம் என்று அவனுக்குத் தெரியாது. நடுவர் படித்த ஓலையை ஏன் பலரும் படிக்க வேண்டும்? நடுவரே பெயரை மாற்றிப் படிக்கக்கூடும். இவ்விதிகளை இயற்றியவர் நடுவரை ஐயுற்றனர் என்பதன்று. நேர்மையாளரையும் சரிபார்த்தலுக்கு உட்படுத்துவதே முறை என்று கருதினர். எடுப்பவர், ஏற்பவர், படிப்பவர், எழுதுபவர் எனப் பணி பலரிடம் பிரிந்திருந்தமையால், ஒருவர் மட்டும் முயன்று முடிவை மாற்ற இயலாது. இன்றைய வங்கிகளில் பெருந்தொகையை ஓர் அலுவலர் பதிவுசெய்ய, மற்றொருவர் ஒப்புதல் அளிப்பதும் இதே கருத்தின் வழிப்பட்டதாகும்.

குடத்துக்குக் காவல் இடும் வழக்கம் சோழர்க்கும் முற்பட்டது. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், கயிற்றால் கட்டப்பட்ட குடத்தின் மேலுள்ள இலச்சினையைப் பார்த்து, பின் அதை நீக்கி ஓலையை எடுக்கும் ஆவண மாக்களை உவமையாகக் காட்டுகிறார். பாடலின் பொருள் பாலை வழியின் கொடுமையைப் பற்றியது. போகிற போக்கில் வந்த இவ்வுவமையில், முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே திறக்கும் பழக்கம் பதிவாகிவிட்டது.

இச்சபை ஊரார் அனைவர்க்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே ஓலையில் இடம் கிடைத்தது. யாரை உள்ளே விடுவது என்பதில் அவ்விதிகள் குறுகியவை. உள்ளே நடப்பதைக் காப்பதில் மிக நுட்பமானவை.

சொல் பூட்டான வரலாறு

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் ஒரு நேரப்பகிர்வுக் கணினி முறை உருவானது. ஒரே பெருங்கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தியதால், ஒருவர் கோப்பை மற்றவர் திறவாதிருக்க ஆளுக்கொரு சொல் தரப்பட்டது. 1962இல் அங்கு ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால் ஒரு வழி தேடினார். கடவுச்சொற்கள் அனைத்தும் இருந்த கோப்பை அச்சிடும்படி துளையட்டை வழியே கணினிக்குக் கட்டளை இட்டார். அச்சுத்தாள் வந்து சேர்ந்தது. 1966இல் அதே கணினியில் நேர்ந்த ஒரு பிழையால், உள்நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அனைவரின் கடவுச்சொற்களும் வரவேற்புச் செய்திபோலத் தோன்றின. உலகின் முதற் கடவுச்சொற்கள் தோன்றிச் சில ஆண்டுகளிலேயே இருமுறை வெளிப்பட்டுவிட்டன. சொற்களை எழுதியபடியே ஓரிடத்தில் குவித்து வைத்ததுதான் காரணம்.

இதற்கு மாற்றாக வந்தது, சொல்லை வைத்துக்கொள்ளாமலே சொல்லைச் சரிபார்க்கும் முறை. அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. ஒரே அரிசியை ஒரே திரிகையில் இட்டால் ஒரே மாவு கிடைக்கும் என்று கொள்வோமானால், இன்று கிடைத்த மாவை நேற்றைய மாவோடு ஒப்பிட்டு அரிசி அதுவே என்று சொல்லிவிடலாம். கடவுச்சொல்லும் அவ்வாறே ஒரு கணிதத் திரிகையில் அரைக்கப்பட்டு, மாவு மட்டும் சேமிக்கப்படுகிறது. ஆயினும் இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் மாவும் ஒன்றாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு சில எழுத்துகளைக் கலந்து அரைப்பர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த இராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை எழுதினர். கலக்கப்படும் எழுத்துகளுக்கு அத்துறையில் வழங்கும் பெயர் உப்பு!

நுட்பம் தெரிந்திருந்தும் அதைப் பின்பற்றாதோர் உண்டு. 2009இல் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் அரைக்கப்படாத வடிவிலேயே களவு போயின. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பது. ஏறத்தாழ 2,90,000 பேர் அதனையே வைத்திருந்தனர். இத்தகைய பட்டியல்கள் கள்வரின் கையில் ஊகத்திற்கான அகராதியாகிவிட்டன. பிறந்த நாள், வண்டி எண், குலதெய்வத்தின் பெயர், ஊர்ப் பெயரோடு ஓர் எண், பலரும் மனப்பாடமாக அறிந்த குறளின் முதற்சீர் ஆகியவை நினைவில் நிற்பதற்கு எளியவை, ஊகிப்பதற்கும் எளியவையே.

நீளமே கடவுச்சொல்லின் முதல் வலிமை. நான்கு இலக்கங்களால் ஆகக்கூடிய எண்கள் 10,000 மட்டுமே. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டினைக் கொண்டு ஏறத்தாழ 20,882 கோடிச் சேர்க்கைகளை ஆக்கலாம். பெரிய எண்ணாகத் தோன்றினாலும் இன்றைய கணினிகளுக்கு அது பெரிதன்று. எழுத்துகளைப் பன்னிரண்டாக்கினால் அவ்வெண் 4,56,976 மடங்கு பெருகுகிறது. தம்முள் தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்தும் பழைய விதியை அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2017இல் கைவிட்டது. கட்டாயத்தால் மாற்றுவோர் இறுதியில் உள்ள 1ஐ 2 ஆக்குவதோடு நிறுத்திக்கொள்வர் என்பது அனுபவம். களவுபோன ஐயம் எழும்போது மாற்றுவதே பயன் தரும்.

ஒரே சொல்லைப் பல கணக்குகளுக்கு வைத்தல் மிகக் கேடானது. பாதுகாப்பற்ற ஒரு விளையாட்டுச் செயலியிலிருந்து வெளிப்பட்ட சொல்லைக் கொண்டு மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது கள்வரின் அன்றாட வேலை. மின்னஞ்சலோ ஏனைய கணக்குகளுக்கெல்லாம் தாய்க்கணக்கு. எந்தச் செயலியில் கடவுச்சொல்லை மறந்தாலும் புதுப்பிப்பதற்கான இணைப்பு அங்குதான் வருகிறது. கணக்குக்கு ஒரு சொல் என்றால் நினைவில் நிற்குமா என்னும் வினா எழும். அதற்கெனவே கடவுச்சொல் காப்பகச் செயலிகள் உள்ளன. அவற்றைக் கையாள இயலாத முதியோர், ஒரு குறிப்பேட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதும் தவறாகாது. கடல் கடந்த நாட்டில் அமர்ந்து கணக்கைத் திறக்க முயல்பவன், திருப்புலிவனத்து வீட்டுப் பெட்டியில் இருக்கும் குறிப்பேட்டைப் படிக்க முடியாது. வங்கி அட்டையின் உறையில் அதன் எண்ணை எழுதி வைப்பதுதான் ஆபத்து.

இரண்டாம் வாசிப்பு

நடுவர் படித்த ஓலையை நம்பிமாரும் படித்தனர் என்பது மேலே கூறப்பட்டது. கணக்குக்குள் நுழைவதிலும் இத்தகைய இரண்டாம் வாசிப்பு உண்டு. ஒருவர் அறிந்த சொல்லோடு, அவர் கையில் உள்ள பொருளையும் சான்றாகக் கேட்பது அது. இணையத்தில் வங்கி அட்டையைப் பயன்படுத்தும்போது இவ்விரண்டாம் சான்று வேண்டும் என்னும் இந்திய ரிசர்வ் வங்கியின் விதி 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. திறன்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லே அதன் பரவலான வடிவம்.

குறுஞ்செய்தி முற்றிலும் காவலுடையது அன்று. உரியவர் பெயரில் பொய் ஆவணம் காட்டி அதே எண்ணுக்கு வேறொரு சிம் அட்டை பெறுவோர் உள்ளனர். திறன்பேசி திடீரெனச் சேவை இழந்து நெடுநேரம் மீளாவிட்டால், அதைக் கோபுரத்தின் குறையாக மட்டும் கருதாமல் சேவை நிறுவனத்தை உசாவுதல் நல்லது. மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளுக்குக் குறுஞ்செய்தியைவிட, திறன்பேசிக்குள்ளேயே எண்ணை உருவாக்கும் சான்றுச் செயலி வலிமையானது. அதனினும் மேம்பட்டது, உரிய தளத்தின் முகவரியில் மட்டுமே இயங்கும் மின்திறவுகோல். போலித் தளத்தில் அதைச் செலுத்த உரியவரே விரும்பினாலும் அது இயங்காது.

திறவுகோலைக் கேட்டு வாங்குவோர்

பூட்டை உடைத்து நுழையும் கள்வரைவிட, உரியவரையே திறக்கச் சொல்லும் கள்வர் பலர். அவர்களுடைய அழைப்புகள் பெரும்பாலும் ஒரே போக்கில் அமைகின்றன. "அம்மா, வங்கித் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் கணக்கு இன்று மாலைக்குள் முடங்கிவிடும். உரிமைத் தொகையும் வராது. உங்கள் பேசிக்கு இப்போது ஆறு இலக்கம் வந்திருக்கும். அதை மட்டும் சொல்லுங்கள், நானே சரிசெய்து தருகிறேன்." இதில் கணினி நுட்பம் ஏதும் இல்லை. கேட்பவருக்கு ஓர் அச்சம் ஊட்டப்படுகிறது. எண்ணிப் பார்க்க நேரம் தரப்படுவதில்லை. "அழைப்பைத் துண்டிக்காதீர்கள், வேறு எவரிடமும் சொல்லாதீர்கள்" என்னும் கட்டளையும் தொடர்ந்து வரும். அச்சமும் அவசரமும் எவருக்கும் தெரிந்தவை. கள்வன் மிகுதியும் நாடுவது மூன்றாவதாகிய தனிமையை. பக்கத்து வீட்டார் ஒருவர் அதைக் கேட்டால்கூட அவன் புனைவு கலைந்துவிடும். ஊர் முழுவதும் கூடியிருக்க வேண்டும் என்று உத்திரமேரூர்ச் சபையார் விதித்ததன் நுட்பம் இவ்விடத்தில் விளங்கும்.

இம்முறையின் கொடிய வடிவம் "டிஜிட்டல் கைது" எனப்படுவது. காவல் சீருடை அணிந்த ஒருவர் காணொலி அழைப்பில் தோன்றி, உங்கள் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் பிடிபட்டது என்பார். விசாரணை முடியும் வரை திரையின் முன்னிருந்து அகலக்கூடாது என்று மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் அச்சுறுத்திப் பணம் பறிப்பர். படித்தவரும் உயர்பதவி வகித்தோரும் இதில் சிக்கியுள்ளனர். ஆகவே ஏமாந்தவரை அறியாதவர் என்று இகழ்வதில் பொருளில்லை. அவ்விகழ்ச்சிக்கு அஞ்சியே பலர் இழப்பை வெளியே சொல்வதில்லை. இந்தியச் சட்டத்தில் இப்படியொரு கைது இல்லை என்பதைப் பிரதமர் தம் வானொலி உரையில் 2024 அக்டோபர் 27 அன்று எடுத்துக் கூறினார்.

பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் தேவையில்லை என்னும் ஒரு செய்தியை அறிந்திருந்தால் பல இழப்புகள் நேர்ந்திரா. பழைய மிதிவண்டியை இணையவழி விற்க முனையும் ஒருவரிடம், "இந்தக் கியூஆர் குறியை வருடுங்கள், பணம் வந்துவிடும்" என்று வாங்குபவர் போல நடிப்பவர் அனுப்புவார். குறியை வருடி இரகசிய எண்ணை இடுவது பணம் செலுத்துவதற்கான செயல். தொகை வருவதற்குப் பதிலாகப் போய்விடும்.

அழைத்தவர் உண்மையானவரா என்று அவரிடமே கேட்டு அறிய முடியாது. அழைப்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள எண்ணுக்குத் தாமே அழைத்து உசாவ வேண்டும். கடவுச்சொல் வந்த வழியிலேயே அதன் உண்மையைச் சோதிக்காமல் வேறொரு வழியில் சோதித்தல் என்பது இதுவே. இணைய முகவரிகளுக்கும் இது பொருந்தும். முகவரியின் உரிமை அதன் தொடக்கத்தில் இல்லை. முதற் சாய்கோட்டுக்கு முன்னுள்ள இறுதிப் பகுதியில் இருக்கிறது. "டிஎன்.கவ்.இன்" என்று முடிவது அரசின் தளம். "டிஎன்-கவ்-இன்" என்று தொடங்கி, புள்ளியிட்டுக் "காம்" என்று முடிவதை எவரும் விலைக்கு வாங்கிவிடலாம். திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் புலனத்தில் வரும் கோப்பு, "ஏபிகே" என்று முடிந்தால் அது படிப்பதற்கான தாள் அன்று. பேசிக்குள் குடியேறிக் குறுஞ்செய்திகளைத் திருடக்கூடிய செயலி.

கைரேகையும் ஒரு திறவுகோலே. ஆதார் வழியாகக் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி சிற்றூர்களில் பெரிதும் பயன்படுகிறது. அவ்வசதி தேவைப்படாதபோது, ஆதார் ஆணையத்தின் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். அடையாளத்திற்காக மட்டும் நகல் கேட்கப்படும் இடங்களில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார்ப் படியைத் தரலாம். இ-சேவை மையத்திலோ நகல்கடையிலோ பொதுக் கணினியைப் பயன்படுத்தினால், கணக்கிலிருந்து வெளியேறியதையும் தரவிறக்கிய ஆவணம் அழிக்கப்பட்டதையும் எழுமுன் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஈராண்டில் திருந்திய விதி

919இல் இயற்றிய விதிகளை உத்திரமேரூர்ச் சபையார் 921இலேயே திருத்தினர். முன்னதில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு, பின்னதில் 35 முதல் 70 வரை ஆயிற்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் ஓலையில் இடம்பெறத் தகுதியற்றவர் என்று விரிவாக வரையறுக்கப்பட்டது. நடைமுறையில் ஓட்டை தெரிந்தவுடன் அதை அடைத்தனர் என்றே இதைக் கொள்ளலாம்.

கணினியின் இயங்குதளத்திற்கு வரும் புதுப்பிப்புகளும் ஓட்டையை அடைப்பவையே. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு குறையை நீக்கும் திருத்தத்தை வெளியிட்டது. 59 நாள்கள் கழித்து, மே 12 அன்று, அதே குறையின் வழியே வான்னாகிரை என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் 19,000க்கும் மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் நீக்கப்பட்டிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. திருத்தத்தை முன்பே நிறுவியிருந்த கணினிகளில் அக்குறை அடைபட்டிருந்தது. "பிறகு நினைவூட்டு" என்னும் பொத்தானை அழுத்திப் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவோர் இந்த 59 நாள்களை எண்ணிப் பார்க்கலாம்.

காப்பதற்கு மற்றொரு வழி, இன்றியமையாததை ஏனையவற்றிலிருந்து பிரித்து வைத்தல். 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தோடு தொடர்புடைய ஒரு கணினியில் தீநிரல் இருப்பதை இந்தியக் கணினி அவசரநிலைக் குழு கண்டறிந்து தெரிவித்தது. செய்தி பரவியபோது நிலையத்தின் அறிக்கை முதலில் மறுத்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. அது நிருவாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட கணினி என்றும், உலையை இயக்கும் உள்வலையமைப்பு அதனின்று துண்டிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்றும் அக்கழகம் விளக்கியது. தீநிரல் நுழைந்ததைவிட, நுழைந்த பின்னும் அது செல்ல முடியாத இடம் ஒன்று முன்பே வகுக்கப்பட்டிருந்தது என்பதே இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது. வீட்டளவில் இதைச் செய்வதும் எளிது. தம்பி தங்கையர் விளையாடும் கணினியில், செயலிகளை நிறுவும் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை அவர்களுக்கு அமைத்துத் தரலாம்.

பழங்கற்படி

பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் தீநிரலுக்கு எதிரான உறுதியான காவல், அக்கோப்புகளின் மற்றொரு படி வேறிடத்தில் இருப்பது. இதற்கும் சோழர் காலத்தில் ஒரு முன்னுதாரணம் கிடைக்கிறது. திருமழபாடிக் கோயிலின் கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். கட்டடம் எழுந்த பின், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவ்வேட்டிலிருந்து அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. இவ்வாறு மீண்டும் வெட்டப்பட்ட எழுத்தைப் பழங்கற்படி என்று கல்வெட்டுகளே குறிப்பதுண்டு. சுவரை இடிக்கும் முன் படி எடுத்தார்கள் என்பது கருதத்தக்கது. இடித்த பின் எடுக்க எதுவும் இருந்திராது. மதிப்பெண் சான்றிதழ், நிலப்பத்திரம், குடும்பப் படங்கள் ஆகியவற்றை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். இணைத்தபடியே வைத்திருந்தால் தீநிரல் அதனையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இழப்பு நேர்ந்தால்

களவுபோன பணம் ஒரே கணக்கில் நில்லாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, அங்கிருந்து பலவற்றுக்கு என்று சிறுசிறு தொகையாகப் பிரிந்து ஓடும். எங்கேனும் பணமாக எடுக்கப்படும் முன் அதை முடக்க வேண்டும். ஆகவே முதலில் அழைக்க வேண்டியது 1930 என்னும் தேசிய உதவி எண்ணை. இணையக் குற்றங்களுக்கான நடுவண் அரசின் தளத்திலும் முறையீட்டைப் பதியலாம். அதற்குப் பரிமாற்ற எண், தொகை, நேரம், வந்த குறுஞ்செய்தி, அழைத்த எண் ஆகியவை வேண்டும். வெறுப்பாலோ நாணத்தாலோ அவற்றை அழித்துவிடுவது புலனாய்வின் வழியை அடைத்துவிடும். பிறருடைய கடவுச்சொல்லையோ மின்கையொப்பத்தையோ வஞ்சகமாகப் பயன்படுத்துதல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின்படி குற்றமாகும். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் 66டி பிரிவின்படி குற்றமாகும். இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. நண்பனின் கணக்கை விளையாட்டாகத் திறந்து அவன் பெயரில் செய்தி இடும் மாணவரும் இப்பிரிவுகளை அறிந்திருத்தல் வேண்டும்.

வங்கியின் பொறுப்பு எதுவரை என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 நாளிட்ட சுற்றறிக்கையில் வரையறுத்தது. வங்கியின் பிழையும் வாடிக்கையாளரின் பிழையும் இன்றி மூன்றாமவரால் இழப்பு நேர்ந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவர் ஏற்க வேண்டிய தொகைக்கு வரம்பு உண்டு. இரகசிய எண்ணைத் தாமே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும். தெரிவித்த நொடிக்குப் பின் நேர்வது வங்கியைச் சாரும். எனவே முறையீடு செய்த நாளோடு அதன் மணியையும் குறித்து, வங்கி தரும் முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.